வீட்டுக்குள் காட்டுப்பூ, பின்னால் பளிச்சென்ற வெள்ளை: எப்படி எடுக்கிறீர்கள்?

ஆரல்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆனி ஆடியில் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் வழியாகப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், அவ்வளவு காற்றாலையைச் சும்மாவா கொண்டுவந்து நட்டார்கள். இந்தக் காற்றில் வெளியே மேக்ரோ, அதாவது மிக நெருங்கிப் பூவைப் பெரிதாகக் காட்டுகிற படம், எடுப்பது நடக்காத காரியம். விஷ்ணுகிராந்தி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூ. ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால் அசைவு நிற்கிறதே தவிர பூ ஃபோக்கஸுக்குள் நிற்பதில்லை. குடை, அட்டை, தம்பியின் முதுகு எல்லாவற்றையும் மறைப்பாக வைத்துப் பார்த்தாயிற்று.

அதனால் இனி வீட்டுக்குள் கொண்டுவந்து, பின்னணியில் ஒன்றுமே இல்லாமல் சுத்த வெள்ளையாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். தண்டில் இருக்கிற மயிர், பூவுக்குப் பின்னால் இருக்கிற புல்லி, இலை எப்படி மாறி மாறி வருகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். நம் ஊர் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் கிடக்கிற பூக்களை ஒரே மாதிரி எடுத்து, பெரிய தாளில் வரிசையாக அச்சடித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மாட்டலாம் என்ற ஆசை.

சிக்கல் என்னவென்றால், வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி எடுத்தால் பின்னணி சாம்பலாக வருகிறது. எக்ஸ்போஷரைக் கூட்டினால் பேப்பர் வெளுக்கிறது, கூடவே பூவும் வெளுத்துவிடுகிறது. கணினியில் பூவை மட்டும் வெட்டி எடுத்தால் தண்டு மயிரெல்லாம் மொட்டை அடித்த மாதிரி ஆகிறது. கையில் இருப்பது கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 100 எம்எம் மேக்ரோ, ஒரே ஒரு ஃப்ளாஷ், ட்ரைபாட். இதற்கு மேல் பெரிய செலவு செய்ய முடியாது.

பழைய ஸ்டுடியோக்காரன்:

தம்பி, பேப்பரை மாற்றிக்கொண்டே இருந்தால் சரியாகாது. இதில் வெள்ளை என்பது பேப்பரில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

கேமரா மீட்டருக்கு நீங்கள் காட்டுவது பேப்பரா பனியா கரியா என்று தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாகத்தான் கொண்டுவரப் பார்க்கும். அதனால்தான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டச் சொல்வார்கள். ஆனால் பூவுக்கும் பேப்பருக்கும் ஒரே வெளிச்சம் விழும்போது ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடத்தானே செய்யும். இரண்டையும் பிரித்தால்தான் வழி பிறக்கும். பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது ஆளைச் சுவரில் சாய்த்தா உட்கார வைக்கிறோம்? ஆளுக்கு ஒரு லைட், பின்னால் திரைக்குத் தனி லைட், நடுவில் நாலைந்து அடி இடைவெளி. பூவுக்கும் அதேதான், அளவு மட்டும் சின்னது.

உங்களிடம் இருக்கிற ஒரே ஃப்ளாஷை பூவுக்குக் கொடுக்காதீர்கள், பின்னணிக்குக் கொடுங்கள். நேம் போர்டு செய்கிற கடையில் பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட் கிடைக்கும், ஒன்றரை அடிக்கு ஒரு அடித் துண்டு போதும், வெட்டி மிஞ்சின துண்டு என்று கேட்டால் விலையும் குறையும். அதைக் கேமராவுக்கு எதிரே நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி ஃப்ளாஷ். அக்ரிலிக்குக்கு முன்னால் ஒரு முழம் விட்டுப் பூ. பூவுக்கு ஜன்னல் வெளிச்சம்.

இப்படி வைத்தால் என்ன லாபம் தெரியுமா? ஃப்ளாஷ் வெட்டுவது கண்ணிமைக்கிற நேரத்துக்கும் குறைவு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதன் அளவு மாறாது. ஜன்னல் வெளிச்சம் ஷட்டரைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆக ஷட்டரைத் திருப்பினால் பூ மாறும், ஃப்ளாஷ் பவரைத் திருப்பினால் பின்னணி மாறும், ஒன்று மற்றதை அவ்வளவாகத் தொடாது. எஃப் எண்ணையும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் உணர்திறன்) மட்டும் ஒருமுறை வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள், அவை இரண்டையும் சேர்த்து மாற்றிவிடும்.

முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்து, பூ அழகாக வருகிற ஷட்டரைக் கண்டுபிடியுங்கள். மேகமூட்டமான நாளில் கால் நொடி, அரை நொடிகூட ஆகலாம். அப்புறம் ஃப்ளாஷை 1/64-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முழுதாக வெளுத்த இடத்தைக் கேமரா திரையில் மின்னி மின்னிக் காட்டுகிற எச்சரிக்கை உண்டு, அதைப் போட்டுக்கொண்டு, பின்னணி அப்படிக் கண் சிமிட்டத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு படி ஏற்றினாலும் தண்டு மயிரை வெளிச்சம் தின்றுவிடும், லென்ஸுக்குள் வெள்ளை மூட்டம் வேறு வரும்.

ஆரல்காற்று:

அண்ணாச்சி, இதைத்தான் எங்கும் யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. அக்ரிலிக் பார்க்கிறேன். ஃப்ளாஷைத் தள்ளி வைக்க ரேடியோ ட்ரிக்கர் ஒன்று நண்பனிடம் இருக்கிறது.

தக்கலைத் தும்பை:

கேமரா இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். நான் போனில்தான் எடுக்கிறேன். ஜன்னல் கம்பியில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டி விடுவேன், அதுதான் பின்னணி. பூ ஜன்னலிலிருந்து ஒரு கை தூரத்தில். பூவுக்கு முன்னால், போனுக்கு இரண்டு பக்கமும் தெர்மாகோல் அட்டை, டிவி வந்த பெட்டியில் இருந்ததுதான். ஜன்னலில் வருகிற வெளிச்சம் தெர்மாகோலில் பட்டுத் திரும்பிப் பூவின் முகத்தில் விழும். போனில் புரோ மோட், எச்டிஆரை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கெட்டிக்காரத்தனமாக வெள்ளையை எல்லாம் இறக்கிச் சாம்பலாக்கிக் கொடுக்கும். பூவைத் தொட்டு ஃபோக்கஸைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தை மட்டும் கூட்டுவேன். இலை பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு நரம்பெல்லாம் தெரிய வரும்போது மெனக்கெட்டதற்குப் பலன் தெரியும்.

பழைய ஸ்டுடியோக்காரன்:

நல்ல யோசனைதான் அக்கா. ஒரு எச்சரிக்கை மட்டும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவார்கள், சோப்புத் தூளிலேயே வெளுப்பைக் கூட்டிக் காட்டுகிற பொருளும் இருக்கும், வெயில் பட்டால் அது நீலமாக மினுங்கும். கண்ணுக்கு அது இன்னும் வெள்ளையாகத் தெரியும், கேமராவுக்கு நீலச் சாயல். பளபளக்கிற ஏ4 தாளுக்கும் இதே குணம் உண்டு. டிரேசிங் பேப்பர் அல்லது கேக் கடையில் போடுகிற பட்டர் பேப்பர் பரவாயில்லை.

தேரூர்க்கரை:

ஜன்னல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, படம் எடுக்க அதுதான் நல்லது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சி வெயிலே வடக்கில்தான் இருக்கும். ஜூனில் காலையும் சாயங்காலமும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வந்து பூவில் விழும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நமக்கு அமைதியான வெளிச்சம். மார்கழி, தையில் இது அப்படியே திரும்பிவிடும். சாரல் பெய்து வானம் மூடியிருக்கிற நாளில் எந்த ஜன்னலானாலும் சரி.

குளச்சல் அலை:

அட ஆமாம், எங்கள் வீட்டு வடக்கு அறையில் வைகாசியில் வெயில் வருவது சின்ன வயதிலிருந்து பார்க்கிறதுதான், இப்படி யோசித்ததில்லை.

மலையோரம்:

எல்லாரும் லைட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பூவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பறித்து வீட்டுக்குக் கொண்டுவருவது என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறீர்கள்! நான் குலசேகரத்துக்கு மேலே இருக்கிறவன். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் நாயிற்றுக்கிழமை வருகிற ஆட்கள் ஆர்க்கிட்டை மரத்தோடு பிய்த்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து வெறுத்துப்போனவன். சரணாலய எல்லைக்குள் ஒரு செடியைப் பறிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான், விலங்குக்கு மட்டும் இல்லை. படம் எடுக்கத்தானே என்று சொன்னால் வனத்துறைக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது.

பூவைப் பின்னணிக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, பின்னணியைப் பூவிடம் கொண்டுபோகலாமே. 2009-இல் நியால் பென்வி, கிளே போல்ட் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் ‘மீட் யுவர் நெய்பர்ஸ்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள், வெள்ளை அக்ரிலிக்கையும் ஃப்ளாஷையும் வயலுக்கே எடுத்துப் போய், செடி நிற்கிற இடத்திலேயே அதன் பின்னால் வைத்து எடுப்பது. செடியும் உயிரோடு இருக்கும், படமும் கிடைக்கும். அதன் பெயரே அண்டை அயலாரைப் பாருங்கள் என்பதுதான், எங்கோ இருக்கிற அபூர்வத்தைத் தேடச் சொல்லவில்லை.

ஆரல்காற்று:

அண்ணே, நான் காட்டுக்குள் போகவே இல்லை. ரோட்டோரம், வரப்பு, எங்கள் தோட்டத்து வேலி, அவ்வளவுதான். வயலில் அக்ரிலிக்கை நிமிர்த்தி வைத்தால் எங்கள் ஊர்க் காற்றில் அது தோவாளைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 😀

ரப்பர்காட்டுக்காரி:

மலையோரம் அண்ணன் சொல்வது காட்டுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எல்லாப் பூவையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் கம்யூனிஸ்ட் பச்சையை வெட்டி வெட்டி மாளவில்லை. உன்னிச்செடி, தாத்தாப்பூ, தொட்டாற்சுருங்கி, இதெல்லாம் ஒரு கொத்துப் பறித்தால் யாருக்கும் நட்டமில்லை, வெட்டுகிறவர் சந்தோஷப்படுவார். இவையே வெளியிலிருந்து வந்து இங்கே பரவின செடிகள்தான். ஒரே இடத்தில் ஒன்றிரண்டு மட்டும் நின்றால் பறிக்காதே, பாய் விரித்தது போல் கிடந்தால் ஒன்று எடு, வேரைத் தொடாதே. நான் வைத்துக்கொண்டிருக்கிற கணக்கு இவ்வளவுதான்.

மலையோரம்:

அதற்கு நான் எதிர்ப்பில்லை பிள்ளே. ஆனால் எடுக்கிறவனுக்கு எது எந்தச் செடி என்று தெரிந்திருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். மருந்துவாழ் மலையில் மருந்துச் செடி என்று சொல்லி ஏற்கெனவே பறிக்கிறார்கள், இனி படத்துக்கும் பறித்தால் என்ன மிஞ்சும்? கடற்கரையில் அடும்பைக் கொடியோடு இழுக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். பூ ஒன்று, இலை ஒன்று, முடிந்தது.

தேரூர்க்கரை:

மனச்சாட்சி உறுத்தாமல் பறிக்க வேண்டும் என்றால் ஆகாயத்தாமரைக்கு வாருங்கள். தேரூர், வேம்பனூர் இரண்டும் 2022-இல் ராம்சார் என்கிற உலக அளவிலான ஈரநிலப் பட்டியலில் ஏறின, ஆனால் இந்தச் செடிக்கு அதெல்லாம் தெரியுமா, நம் மாவட்டத்தில் அது மூடாத குளம் குறைவு. கரையோரம் கைக்கு எட்டுவதை எடுங்கள், பறவை கூடு வைத்திருக்கிற உள்பக்கத்துக்கு இறங்க வேண்டாம்.

வெள்ளைப் பின்னணியில் இந்தப் பூ என்ன அழகு தெரியுமா! குளத்தில் பார்த்தால் மொத்தமாக ஒரு ஊதாத் திட்டு, அவ்வளவுதான். தனியாக நிறுத்திப் பின்னால் வெளிச்சம் கொடுத்தால், ஆறு இதழில் மேலே இருக்கிற ஒன்றில் மட்டும் நடுவில் மஞ்சள் பொட்டு, அதைச் சுற்றி அடர்ந்த நீலம், அப்புறம் மங்கிக்கொண்டே போய் ஓரத்தில் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பூவின் கழுத்துக்குப் பின்பக்கம் சின்னச் சின்ன மயிர், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. நான் அதுவரை குளத்தங்கரையில் தினமும் பார்த்த பூ, இந்த மயிரைக் கவனித்ததே கிடையாது.

வாடுவதுதான் பெரிய தொல்லை. காலையில் விரிந்தால் மறுநாள் தண்டே வளைந்து தலை கவிழ்ந்துவிடும். அதனால் காலையிலேயே பறித்து மதியத்துக்குள் எடுத்து முடியுங்கள். நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, அடும்பு எல்லாம் அதே கதைதான், மதியத்துக்கு மேல் மூடத் தொடங்கிவிடும்.

தக்கலைத் தும்பை:

வாடாமல் கொண்டுவர எவர்சில்வர் டிபன் பாக்ஸ்தான். அடியில் நனைத்துப் பிழிந்த துணி, மேலே பூ, மூடிவிட வேண்டியதுதான். தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் இதழில் ஒட்டிக் கறை விழும். வீட்டுக்கு வந்ததும் தண்டு நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே ஒருமுறை வெட்டிவிட்டு, ஊசி மருந்து வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் நிறுத்துங்கள். குப்பி படத்துக்கு வெளியே இருக்க வேண்டும், தண்டைக் கொஞ்சம் நீளமாக விட்டுப் பறிப்பது இதற்குத்தான். வாய்ப்பகுதியில் பஞ்சைத் திணித்தால் பூ ஆடாது.

தொட்டாற்சுருங்கியைப் பற்றி யாரோ சொன்னீர்கள். அது வழியிலேயே சுருங்கிவிடும், பயப்பட வேண்டாம், குப்பியில் வைத்துவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் இலை தானாக விரிந்திருக்கும். கதவை அறைந்து சாத்தாமல் இருந்தால் சரி.

குளச்சல் அலை:

ஃபேனை அணைக்க மறக்காதீர்கள். அரை நொடி ஷட்டரில் ஃபேன் ஓடினால் ஆரல்வாய்மொழிக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்.

ஆரல்காற்று:

அக்ரிலிக் வாங்கி, அண்ணாச்சி சொன்ன மாதிரியே வைத்தேன். தாத்தாப்பூ முதல் வரிசையிலேயே வந்துவிட்டது. ஓர இதழ் ஒவ்வொன்றின் நுனியும் மூன்றாகப் பிரிந்திருப்பது, தண்டில் நீட்டி நிற்கிற மயிர் எல்லாம் அப்படியே வருகிறது, கணினியில் எதையும் வெட்டவே இல்லை. அம்மா மட்டும் ஃபேனை அணைத்ததற்கு ஒரு பாட்டம் பேசினார்கள்.

ஆனால் தும்பையில் மாட்டிக்கொண்டேன். வெள்ளைப் பூ, வெள்ளைப் பின்னணி. பச்சைப் புல்லிக்கொத்து மட்டும் தெரிகிறது, பூ காணாமல் போகிறது. பவரைக் குறைத்தால் பின்னணி திரும்பச் சாம்பல். இதற்கு வழி இருக்கிறதா, இல்லை தும்பைக்கு மட்டும் கறுப்புத் துணி கட்ட வேண்டியதுதானா? வரிசையில் அது ஒன்று மட்டும் கறுப்பில் இருந்தால் நன்றாக இருக்காது.

பழைய ஸ்டுடியோக்காரன்:

கறுப்பு வேண்டும், ஆனால் பின்னால் இல்லை, பக்கத்தில்.

கண்ணாடி டம்ளரை வெள்ளையில் எடுக்கிற முறை இருக்கிறது, அதேதான் தும்பைக்கும். பூவுக்கு இரண்டு பக்கமும், படத்துக்குள் வராத அளவுக்கு நெருக்கி, கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்துங்கள். தெர்மாகோலை எடுத்துவிடுங்கள், அது எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை நிரப்பி உருண்டையைத் தட்டையாக்கிவிடும். கறுப்பு வந்ததும் இதழின் ஓரம் கறுப்பைப் பிரதிபலித்து மெல்லிய சாம்பல் கோடாக இறங்கும், அந்தக் கோடுதான் பூவைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். சின்ன அறையில் சுவரும் வெள்ளையாக இருந்தால் அதுவும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் போர்வை.

பூவின் எக்ஸ்போஷரை வழக்கத்தைவிட முக்கால் ஸ்டாப் குறையுங்கள், ஷட்டரை மட்டும் திருப்பினால் போதும். பின்னணியை முழுதாகச் சிமிட்ட விடாமல், 0 கறுப்பு, 255 சுத்த வெள்ளை என்ற கணக்கில் 245, 250 என்ற அளவில் நிறுத்துங்கள். மிச்சத்தைக் கணினியில் பார்க்கலாம். தும்பையின் மேலுதட்டில் பஞ்சு மாதிரி மயிர் இருக்கும், அது தெரிந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தக்கலைத் தும்பை:

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா. தும்பைப் பூ கை பட்டாலே உதிர்ந்துவிடும், சின்ன வயதில் பிடுங்கித் தேன் உறிஞ்சினவர்களுக்குத் தெரியும். அதனால் கொத்தின் கீழே தண்டைப் பிடித்து வெட்டுங்கள், பூவைத் திருத்திவைக்கக் கையை நீட்டாதீர்கள், குப்பியைத் திருப்பிக்கொள்ளுங்கள். இன்னொன்று, புல்லிக்கொத்துக்குள் எறும்பு இருக்கும். வெள்ளையில் எறும்பு ஓடினால் அரை நொடியில் கறுப்புக் கோடாக விழும். கொஞ்ச நேரம் நிழலில் வைத்தால் அதுவாக இறங்கிப் போய்விடும், தட்டினால் பூதான் போகும்.

ரப்பர்காட்டுக்காரி:

ஃப்ளாஷ் இல்லாதவர்களுக்கு: ஃபால்ஸ் சீலிங்கில் போடுகிற இரண்டடிக்கு இரண்டடி எல்இடி பேனல் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் மேல் செடியை அப்படியே கிடத்தி மேலிருந்து எடுக்கிறேன். இலை, பூ, காய் எல்லாவற்றையும் பரப்பி வைத்து எடுக்க இதைவிட வசதி கிடையாது. தண்ணீர்க் குப்பியை மட்டும் அதன் மேல் வைக்க வேண்டாம், கரண்ட் விஷயம்.

ஒரு தொல்லை, சில படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

பழைய ஸ்டுடியோக்காரன்:

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பேனல் நொடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரியும். ஷட்டர் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். 1/100, 1/50, 1/25 என்று வையுங்கள், அல்லது ட்ரைபாடில் வைத்து இன்னும் மெதுவாக.

குளச்சல் அலை:

எனக்கு ஒரு பழைய சந்தேகம். சங்குப்பூ நேரில் அப்படி ஒரு நீலம், படத்தில் ஊதாவாகிறது. விஷ்ணுகிராந்தியும் அப்படித்தான். வெள்ளைப் பின்னணியில் இது இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாகவில்லை, பூ நீலமாக வந்தால் இலை வேறு மாதிரி ஆகிறது.

தேரூர்க்கரை:

ஒயிட் பேலன்ஸ் தப்பு இல்லை அது. நீலப் பூக்களில் பலவும் நம் கண் சரியாகப் பார்க்காத ஆழ்சிவப்பையும் நிறையத் திருப்பி அனுப்பும். கண்ணுக்கு அது தெரியாது, சென்சார் கொஞ்சம் பார்த்துவிடும். நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் ஊதாதானே. ஃபிலிம் காலத்திலேயே இருந்த தொல்லை இது, அஜெரேட்டம் என்ற பூவின் பெயரில் அஜெரேட்டம் விளைவு என்பார்கள். வெயிலிலும் ஃப்ளாஷிலும் அந்த ஆழ்சிவப்பு நிறைய உண்டு, வெள்ளை எல்இடியில் ரொம்பக் குறைவு. நல்ல தரமான எல்இடியை முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒயிட் பேலன்ஸுக்குப் பின்னணி வெள்ளையைத் தொடாதீர்கள், அது வெடித்துப்போன வெள்ளை, அதில் நிறத் தகவலே மிச்சம் இல்லை. பூ இருக்கிற இடத்தில் ஒரு கிரே கார்டை (எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்து அதிலிருந்து பிடியுங்கள். அதற்கு மேலும் ஊதா இருந்தால் கணினியில் ஊதாவை மட்டும் நீலத்துக்குத் தள்ளலாம், பூ வாடுவதற்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே.

ஆரல்காற்று:

இலையும் பூவும் ஒரே சமயத்தில் தெளிவாக வர எஃப் 22 வைக்கலாமா? செங்காந்தளில் முன்னால் நீட்டுகிற மகரந்தம் தெளிவாக இருந்தால் இதழ் மங்கலாக இருக்கிறது.

பழைய ஸ்டுடியோக்காரன்:

வேண்டாம். மேக்ரோவில் எஃப் 16-ஐத் தாண்டினால் படம் முழுக்கவே மழுங்கிவிடும். உங்கள் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பூ தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது, எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழுகிற ஆழம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் எஃப் 8-இல் ஃபோக்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் அடுக்குங்கள். வீட்டுக்குள் எடுப்பதில் உள்ள பெரிய வசதியே இதுதான், காற்றில் இது முடியுமா? செங்காந்தள் அவ்வளவு சின்னது இல்லை, ஒரு கைப்பிடி படம் போதும்.

ரப்பர்காட்டுக்காரி:

செங்காந்தளை எடுத்தால் ஒரே ஒரு பூவோடு நிறுத்தாதீர்கள். முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் கீழே மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு, ஒரே கொடியில் எல்லாப் பருவமும் கிடைக்கும். மூன்றையும் வரிசையாக வெள்ளையில் வைத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். மாநிலப் பூ வேறு. ஆனால் கிழங்கிலிருந்து விதை வரை எல்லாம் நஞ்சு, கோல்கிசின் இருக்கிறது. அடுக்களை மேசையில் வைத்து எடுக்காதீர்கள், கையைக் கழுவுங்கள், வெட்டின துண்டை ஆட்டுக்குப் போடாதீர்கள்.

மலையோரம்:

எல்லாம் சரி. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி வெள்ளையில் நிறுத்தின பூவைப் பார்த்தால் எனக்கு அது எங்கே நின்றது என்றே தெரியவில்லை. அடும்புக்கு மணலும் உப்புக்காற்றும் இல்லாமல் என்ன அடும்பு? ஆகாயத்தாமரை அழகாகத் தெரிகிறது என்கிறீர்கள், அதுதான் குளத்தை மூடிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் படம் சொல்லுமா? பிள்ளைகள் படத்தில் பார்த்த பூவை வரப்பில் பார்த்தால் கண்டுபிடிக்குமா?

தேரூர்க்கரை:

கண்டுபிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். பச்சைக்கு நடுவே பச்சையாக நிற்கிற செடியில் பிள்ளைகளுக்கு எந்த இலை எந்தப் பூவோடது என்றே தெரிவதில்லை. ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டால் அப்புறம் கூட்டத்திலும் தெரியும். அந்தக் காலத்தில் செடிகளை வரைந்தவர்களும் வெறும் தாளில்தானே வரைந்தார்கள்.

மலையோரம்:

வரைந்தவன் வேரையும் காயையும் சேர்த்து வரைந்தான். இவர்கள் பூவை மட்டும் எடுக்கிறார்கள்.

ஆரல்காற்று:

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாளில் ஒவ்வொரு பூவுக்கும் கீழே, அது நின்ற இடத்தின் படம் ஒன்றைச் சின்னதாகப் போடப் போகிறேன், அது போனில் எடுத்தது போதும், கொஞ்சம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை. காயும் கிடைத்தால் சேர்த்து எடுக்கிறேன், நெருஞ்சிக்குக் காய் இல்லாமல் பூ மட்டும் போட்டால் ஒருவனும் நம்பமாட்டான்.

மலையோரம்:

அப்படியென்றால் சரி மக்கா. முடிந்தால் மழைக்குப் பிறகு குலசேகரம் பக்கம் வா, ரோட்டோரத்திலேயே நிறைய காட்டித்தருகிறேன். பறிக்காமல் எடுக்க வேண்டியதற்கு நான் ஷீட்டைப் பிடித்துக்கொள்கிறேன், இங்கே உங்கள் ஊர்க் காற்று இல்லை.

ரப்பர்காட்டுக்காரி:

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரி, பார்த்த செடி, உயிரினங்களைப் பதிகிற இணையதளங்களில் படம் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் எடுத்த படத்தில் போன் உங்கள் வீட்டு இடத்தைத்தான் பதியும். செடி நின்ற இடத்தையும் பறித்த தேதியையும் கையால் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் படுக்கையறையில் அடும்பு முளைத்ததாகப் பதிவாகும். இலையின் அடிப்பக்கம், தண்டு, புல்லி இவற்றையும் தனித்தனியாக எடுத்தால் பெயர் சொல்கிறவர்களுக்கு உதவி.

ஆரல்காற்று:

தும்பை வந்துவிட்டது! கறுப்பு சார்ட் இரண்டு பக்கமும். மேலுதட்டு மயிர் தெரிகிறது அண்ணாச்சி. பின்னணி 248-இல் நிற்கிறது. திரையில் வெள்ளையாகத்தான் தெரிகிறது, அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடலாமா?

பழைய ஸ்டுடியோக்காரன்:

கொடுக்காதீர்கள். திரையில் 248-உம் 255-உம் ஒன்றுபோலத் தெரியும், அச்சில் அப்படித் தெரியாது. 248 என்றால் மிஷின் அங்கே மெல்லிய புள்ளி போடும், தாள் வெள்ளைக்கு நடுவே படம் ஒரு மங்கின சதுரமாகத் தெரியும். பின்னணி முழுக்க 255 இருந்தால்தான் தாளோடு கலந்து பூ மட்டும் நிற்கும்.

ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் லெவல்ஸைத் திறந்து வெள்ளை முனையை 247 வரை இழுங்கள், பின்னணி முழுவதும் 255 ஆகிவிடும். பூவில் இதழ் நடு எங்காவது அதோடு சேர்ந்து போகிறதா பாருங்கள், போனால் மாஸ்க் போட்டுப் பின்னணிக்கு மட்டும் செய்யுங்கள், மென்மையான பிரஷ். அப்புறம் சோதனைக்காகக் கறுப்பு முனையை மட்டும் வலது பக்கம் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எங்கே அழுக்குத் திட்டு, அக்ரிலிக் ஓரம், தூசி இருக்கிறதோ எல்லாம் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

குளச்சல் அலை:

அக்ரிலிக் எந்தத் தடிமன் வாங்கினீர்கள்? நானும் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

ஆரல்காற்று:

3 மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதில் நடுவில் ஃப்ளாஷ் ஒரு வெளிச்சப் பொட்டாகத் தெரிகிறது என்று கடைக்காரரே சோதித்துக் காட்டினார், அவர் போனில் டார்ச்சை அடித்து. கேட்கும்போது பால் வெள்ளை என்று சொல்லுங்கள், வெறும் வெள்ளை என்றால் வெளிச்சமே புகாத ஒன்றையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற பேப்பரை வீட்டில் வந்து பிரியுங்கள், பைக்கில் கொண்டுவரும்போது கீறல் விழுந்துவிடும்.